"உபதேசம் பிரிக்கும், அன்பு சேர்க்கும்" என்பவர்களுக்கு என்ன பதில்?

நிருபவாசகன் (கேள்வி)

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். வேதபாட வகுப்பு ஒன்றுக்கு "ஆரோக்கியமான உபதேசம்" என்ற தலைப்பில் நான்கு வாரத்துக்குப் பாடம் தேவை. தலைப்பைச் சொன்னதுமே வருகிற ஆட்சேபங்கள் இவை:

1. 1 கொரிந்தியர் 8:1-ஐயும் 2 கொரிந்தியர் 3:6-ஐயும் காட்டி, "அறிவு இறுமாப்பைத்தான் தரும், எழுத்து கொல்லும், இயேசுவை நேசித்தால் போதும்" என்கிறார்கள்.
2. சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்த உபதேசத்தைப் படித்தான்?
3. எல்லாவற்றையும் உபதேசம் என்று பிடித்துக்கொண்டால் சண்டைக்கு முடிவேது? எதில் உறுதியாக நிற்பது, எதை விட்டுக்கொடுப்பது?
4. கிரேக்கம் தெரியாத சாதாரண விசுவாசி ஒரு பிரசங்கத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

ஜனங்கள் ஆரோக்கியமான உபதேசத்தைப் பொறுக்க மனதில்லாத காலம் வரும் என்கிற 2 தீமோத்தேயு 4:3-ஐ வாசித்து "பவுல் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்" என்று முடித்துவிட விருப்பமில்லை. ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் வேண்டும்.

---

கூடாரத்துணி

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். "ஆரோக்கியமான" என்பது அலங்காரத்துக்காகப் போட்ட அடைமொழி இல்லை. கிரேக்க மூலத்தில் உள்ள வினை ஹுகியாயினோ, அதாவது உடல் நலமாக இருத்தல். ஹைஜீன் என்று இன்று சொல்கிறோமே, அதுவும் இதே வேர்தான். "சுகமுள்ளவர்களுக்கு வைத்தியன் வேண்டியதில்லை" என்று லூக்கா 5:31-ல் ஆண்டவர் சொல்லும் இடத்திலும், இளைய குமாரன் சுகத்துடனே திரும்பிவந்தான் என்று லூக்கா 15:27-ல் வேலைக்காரன் சொல்லும் இடத்திலும் இதே வினைதான் வருகிறது. இந்தச் சொல்லை உபதேசத்தோடு சேர்த்துப் பேசுவது தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய நிருபங்களில் மட்டுமே. எதிர்ப்பக்கமும் வைத்திய மொழிதான்: 2 தீமோத்தேயு 2:17-ல் துர்உபதேசம் "அரிபிளவையைப்போலப்" படரும். மூலச்சொல் காங்கிரினா. இன்றைய மருத்துவர் காங்கிரீன் என்பது அதைத்தான்.

ஆகவே கேள்வி "யார் பரீட்சையில் தேறினார்" என்பதல்ல, "எது உடம்பை வாழவைக்கிறது, எது அழுகவைக்கிறது" என்பதே. தீத்து 2:1 "ஆரோக்கியமான உபதேசத்துக்கேற்றவைகளைப் பேசு" என்று தொடங்குகிறது. அடுத்த வசனத்தில் திரித்துவ விளக்கம் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவதோ முதிர்வயதுள்ளவர்களின் ஜாக்கிரதை, ஸ்திரீகளின் நாவு, பாலிய புருஷரின் தெளிந்த புத்தி, எஜமானுடைய பொருளைத் திருடாத வேலைக்காரன். பிறகு 11-ம் வசனத்தில் "ஏனெனில்" என்று ஆரம்பித்துத்தான் தேவகிருபை பிரசன்னமானதைச் சொல்கிறார். அந்த "ஏனெனில்" என்ற சொல்லை வகுப்பில் நன்றாக அழுத்துங்கள். மேலே சொன்ன நடத்தை எல்லாம் அதில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. ஆணியைப் பிடுங்கினால் மாட்டியவை கீழே விழும்.

இதே கட்டுமானம் எங்கும் உண்டு. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகக் காணிக்கை சேர்க்கக் கேட்கும்போது பவுல் காட்டுவது வரவு செலவுக் கணக்கை அல்ல, ஐசுவரியமுள்ளவர் நமக்காகத் தரித்திரரானார் என்ற அவதார உபதேசத்தை (2 கொரி. 8:9). பிலிப்பியில் மனஸ்தாபம் வந்தபோது கொடுத்த மருந்து, தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மைத்தாமே வெறுமையாக்கினார் என்பது (பிலி. 2:5-11). அன்பு வேண்டும், உபதேசம் வேண்டாம் என்பவர் அந்த அன்புக்கு அளவுகோலை எங்கிருந்து எடுப்பார்?

அந்த இரண்டு வசனங்களுக்கு வருவோம். 1 கொரிந்தியர் 8:1 விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடும் விவகாரம். "விக்கிரகம் ஒன்றுமில்லை" என்ற சரியான அறிவை வைத்துக்கொண்டு, பலவீனமான சகோதரனை மிதித்தவர்களுக்கு எழுதியது. அறிவே வேண்டாம் என்று பவுல் சொல்லியிருந்தால், ஐந்து வசனம் தள்ளி 8:6-ல் ஒரே தேவன், ஒரே கர்த்தர் என்று ஒரு விசுவாச அறிக்கையையே வைத்து வாதாடியிருக்க மாட்டார். 2 கொரிந்தியர் 3:6-ன் "எழுத்து" எது என்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: கற்களில் எழுதப்பட்ட நியாயப்பிரமாணம். பழைய உடன்படிக்கைக்கும் புதிய உடன்படிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசும் பகுதி அது. அங்கே படிப்புக்கும் பரவசத்துக்கும் போட்டி எதுவும் இல்லை. சொல்லப்போனால் அந்த அதிகாரமே கனமான உபதேசம்.

கள்ளன் விஷயம்: லூக்கா 23:40-42-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தேவனுக்குப் பயப்பட வேண்டும் என்கிறான். நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம் என்கிறான். இவர் தகாதது ஒன்றும் செய்யவில்லை என்கிறான். செத்துக்கொண்டிருக்கிற ஒருவரைப் பார்த்து உமக்கு ராஜ்யம் உண்டு, அதில் வருவீர், என்னை நினைத்தருளும் என்கிறான். தேவபயம், தன் பாவம், கிறிஸ்துவின் பாவமின்மை, அவருடைய ராஜரிகம், கிருபைக்கான விண்ணப்பம்! சீஷர்கள் ஓடிப்போன நேரத்தில் அந்த மேட்டில் மிகத் தெளிவான உபதேசம் அவன் வாயில்தான் இருந்தது. அவனிடம் இல்லாதது காலஅவகாசம் மட்டுமே.

---

மூன்றாம்ஜாமம்

உங்கள் 4-வது கேள்விக்கு ஒரு வசனத்தை எடுத்துச் செய்தே காட்டுகிறேன். 3 யோவான் 2: நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன். இதை வைத்து, விசுவாசி எவரும் வறுமையிலோ வியாதியிலோ இருப்பது தேவசித்தம் அல்ல என்று பிரசங்கம் செய்கிறார்கள்.

பிரசங்கம் என்ன சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்ற எதுவும் நடக்காது. கதைகளும் சத்தமும் போனபின் கையில் நிற்பது எது? "விசுவாசம் இருந்தால் சரீரசுகம் இப்போதே நிச்சயம்" என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நிருபம் முழுவதையும் வாசியுங்கள். ஒரே அதிகாரம்தான், இரண்டு மூன்று நிமிடம் போதும். யார் யாருக்கு? தன்னை மூப்பர் என்று சொல்லிக்கொள்பவர், காயு என்ற தனிமனிதனுக்கு எழுதுகிறார். என்ன வகை வாக்கியம்? கட்டளையா, வாக்குத்தத்தமா, சம்பவமா, நீதிமொழியா, வாழ்த்தா? இது கடிதத்தின் முகப்பில் வரும் நலவிசாரிப்பு. அக்காலத்துக் கிரேக்கக் கடிதங்களில் "நீ சுகமாயிருக்க வேண்டுகிறேன்" என்பது வழக்கமான தொடக்கம். பாப்பிரஸ் தாள்களில் கிடைத்த சாதாரண மக்களின் கடிதங்களிலும் இதைக் காணலாம். கூடாரத்துணி சொன்ன அதே ஹுகியாயினோதான் இங்கேயும் வருகிறது, ஆனால் இது மூப்பரின் வேண்டுதல். வேண்டுதலை வாக்குத்தத்தமாக மாற்றியதுதான் முதல் பிழை.

பிறகு எதிர்ச்சாட்சிகளைத் தேடுங்கள். அந்த வாக்கியம் உண்மையானால் வேதத்தில் யார் யார் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்? அடிக்கடி நேரிடும் பலவீனங்களுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்லப்பட்ட தீமோத்தேயு (1 தீமோ. 5:23). மிலேத்துவில் வியாதியாக விடப்பட்ட துரோப்பீமு (2 தீமோ. 4:20). மரணத்துக்குச் சமீபமாய்ப் போன எப்பாப்பிரோதீத்து (பிலி. 2:27). மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் சரீரத்திலிருந்த முள் எடுக்கப்படாத பவுல் (2 கொரி. 12:7-9). இவர்களை அவிசுவாசிகள் என்று சொல்லத் துணிவிருந்தால் அந்தப் பிரசங்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் படி: அவர்கள் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் பாருங்கள். தேவன் குணமாக்குகிறார், ஜெபிக்கச் சொல்கிறார் (யாக். 5:14-15). ஏசாயா 53-ஐ மத்தேயு 8:17 வியாதிகளோடும் 1 பேதுரு 2:24 பாவங்களோடும் பொருத்துகிறது. சரீரத்துக்கு மீட்பு உண்டுதான். எப்போது? "நம்முடைய சரீர மீட்பாகிய புத்திரசுவிகாரம் வருகிறதற்குக் காத்திருந்து" என்கிறது ரோமர் 8:23. ஆக, தவறு இருப்பது வாக்கின் பொருளில் அல்ல, காலத்தில். உயிர்த்தெழுதலில் கிடைக்கப்போவதை இன்றைக்கே கொடுத்தாயிற்று என்கிறார்கள். அரிபிளவைக்கு உதாரணமாகப் பவுல் பெயர் சொல்லும் இமெநேயுவும் பிலேத்தும் சொன்னது என்ன? உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்பதுதான். நோய் பழையது, சட்டைதான் புதிது.

கடைசியாக, சுமை யார் தலையில் இறங்குகிறது என்று பாருங்கள். குணமாகாத நோயாளியிடம் இந்த உபதேசம் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: உனக்கு விசுவாசம் போதவில்லை. ஏற்கெனவே படுக்கையில் கிடப்பவர்மேல் குற்ற உணர்வையும் ஏற்றுகிறது. சிலர் மருந்தை நிறுத்துகிறார்கள். சிலர் தேவன் பொய் சொன்னார் என்று முடிவுகட்டி விசுவாசத்தையே விட்டுவிடுகிறார்கள். வாக்குக் கொடுத்ததோ தேவன் அல்ல, பிரசங்கியார்! உபதேசம் வெறும் கருத்துவேறுபாடு என்பவர்களை நோயாளியின் கட்டிலருகே நின்று அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

இதே முறையில் வகுப்பில் செய்துபார்க்க இன்னும் இரண்டு தருகிறேன். எரேமியா 29:11, "உங்கள் பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள்". பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. 10-ம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவதற்குள் இறந்துவிடுவார்கள். மற்றது, பிரசங்கியாரைக் கேள்வி கேட்டால் வரும் பதில்: "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே." சங்கீதம் 105-ல் அது அந்நிய ராஜாக்களிடம் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றிச் சொன்னது. மூப்பர் பாவம் செய்தால் இரண்டு மூன்று சாட்சிகளோடு விசாரித்து எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்றுதான் 1 தீமோத்தேயு 5:19-20 சொல்கிறது. அப்போஸ்தலன் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்த பெரோயா ஊராரை லூக்கா நற்குணசாலிகள் என்கிறார் (அப். 17:11). வாயை மூடு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

---

வனாந்தரவழி

மேலே இருவரும் வேதத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். சரித்திரத்திலிருந்து ஒன்று மட்டும் நான் சேர்க்கிறேன், அதையும் கொஞ்சம் விரிவாக. "தத்துவச் சண்டை" என்று எல்லாரும் கேலி செய்வது, சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கத்தைத்தான்.

அலெக்சாந்திரியாவில் மூப்பராக இருந்த ஆரியு இயேசுவை மறுதலித்தவர் அல்ல. அவரைத் தொழுதார், இரட்சகர் என்றார், வேதவசனங்களையே எடுத்துக் காட்டினார். குமாரன் எல்லாப் படைப்புக்கும் மேலான முதற்படைப்பு, அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். அவ்வளவுதான். 325-ல் கூடிய நிசேயா சங்கம் அதை நிராகரித்து, குமாரன் "பிதாவோடே ஒரே தன்மையுள்ளவர்" என்று எழுதியது. தகராறு அதோடு அடங்கவும் இல்லை. நிசேயாவின் பக்கம் நின்ற அத்தனாசியு 328 முதல் 373 வரை அலெக்சாந்திரியாவின் பேராயராக இருந்தார். அதில் ஐந்து முறை துரத்தப்பட்டு, சுமார் 17 ஆண்டு ஊருக்கு வெளியே கழித்தார்.

ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு? குமாரன் படைப்பு என்று ஒப்புக்கொண்ட உடனே மூன்று காரியங்கள் சரிகின்றன. ஒன்று, அவரைத் தொழுவது விக்கிரகாராதனை ஆகிவிடும். இரண்டு, படைப்பு ஒன்று மற்றப் படைப்புகளைத் தேவனோடு இணைக்க முடியாது. பாலத்தின் மறுமுனை கரையைத் தொடவில்லை என்றால் அதில் யாரும் கடக்க முடியாது. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆரியுவின் கணக்குப்படி குமாரனுக்கே பிதாவை முழுவதும் தெரியாது. அப்படியானால் "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" (யோவான் 14:9) என்பது வெறும் பேச்சு. இயேசுவின் முகத்துக்குப் பின்னால் வேறொரு முகம் கொண்ட தேவன் இருக்கலாம் என்ற பயம் விசுவாசியை விடவே விடாது. மன்னிப்பின் நிச்சயம் அந்த இடத்தில் உடைகிறது.

ஹோமோஊசியோஸ் (ஒரே தன்மை), ஹோமோயூசியோஸ் (ஒத்த தன்மை) என்று ஒரே ஓர் எழுத்துக்காக நிசேயாவில் அடித்துக்கொண்டார்கள் என்று பலர் சொல்வார்கள். அந்த எழுத்துத் தகராறு 350-களில் வந்தது. 325-ல் கேள்வி இதைவிட நேரானது: குமாரன் படைத்தவரா, படைக்கப்பட்டவரா?

ஒரு கிளைச்செய்தி. ஆரியு தன் கருத்தை மாலுமிகளும் மாவரைப்பவர்களும் வழிப்போக்கர்களும் பாடும்படி பாட்டாகக் கட்டினார் என்று, அவர் பக்கம் சாய்ந்திருந்த பிலோஸ்தோர்கியு என்ற சரித்திரக்காரரே எழுதியிருக்கிறார். பிரசங்கத்தை மட்டும் சோதித்து, பாட்டை மெட்டுக்காக விட்டுவிடுகிறோம். பிரசங்கம் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும், பாட்டு மறக்காது. பாடல் வரிகளையும் மூன்றாம்ஜாமம் சொன்ன வழியில் ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்.

---

அப்பொல்லோவின்நண்பன்

எல்லாம் சரி. ஆனால் இந்தத் தலைப்பை விரும்பி எடுப்பவர்களுக்கே உரிய ஒரு வியாதி உண்டு, அதை யாரும் இன்னும் தொடவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 2-ல் எபேசு சபை பொய் அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்த சபை. உபதேசத்தில் முழு மதிப்பெண். ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய், மனந்திரும்பாவிட்டால் விளக்குத்தண்டை நீக்குவேன் என்கிறார் ஆண்டவர். பிசாசுகளும் தேவன் ஒருவர் என்று விசுவாசித்து நடுங்குகின்றன (யாக். 2:19), அங்கேயும் பிழை இல்லை. தீமோத்தேயுவை எபேசுவில் வேற்றுமையான உபதேசங்களைத் தடுக்கவே நிறுத்தினார் பவுல். அந்தக் கட்டளையின் முடிவே அன்புதான் என்று 1 தீமோத்தேயு 1:5 சொல்கிறது. இதைப் பாடத்தில் சேர்க்காவிட்டால் நான்கு வாரம் முடியும்போது உங்கள் கையில் நான்கு குற்றம் கண்டுபிடிப்பாளர்கள் மிஞ்சுவார்கள்.

3-வது கேள்விக்கு விதிப்பட்டியல் தேடாதீர்கள், பவுலின் நடவடிக்கைகளைச் சோடிசோடியாக வைத்துப் பாருங்கள். தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணினார் (அப். 16:3), தீத்துவுக்குப் பண்ண ஒரு நாழிகையும் இணங்கவில்லை (கலா. 2:3-5). செய்கை ஒன்றே. முதலாவது யூதரிடம் போவதற்கான வசதி. இரண்டாவதில் அதை இரட்சிப்புக்கு நிபந்தனையாகக் கேட்டார்கள். இன்னொரு சோடி: பொறாமையினால் கிறிஸ்துவைப் பிரசங்கித்தவர்களைக் குறித்துச் சந்தோஷப்படுகிறார் (பிலி. 1:15-18), கலாத்தியாவில் வேறொரு சுவிசேஷத்தைக் கொண்டுவருகிறவன் வானத்திலிருந்து வந்த தூதனானாலும் சபிக்கப்பட்டவன் என்கிறார். பிலிப்பியர் நிருபம் சொல்பவர்களிடம் நோக்கம் கெட்டது, செய்தி சரி. கலாத்தியாவில் செய்தியே கெட்டது. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்: ஆள் நல்லவர் என்றால் செய்தியை விட்டுவிடுகிறோம், ஆளைப் பிடிக்காவிட்டால் செய்தியில் குற்றம் தேடுகிறோம்.

ரோமர் 14-ன் போஜனமும் விசேஷ நாட்களும் அவனவன் மனசாட்சிக்கு விடப்பட்டவை. அதே போஜனம் அந்தியோகியாவில் வேறு பொருளாகிவிட்டது. பேதுரு ஒரு தவறான வார்த்தையும் பேசவில்லை, புறஜாதி விசுவாசிகளுடைய பந்தியை விட்டு எழுந்தார், அவ்வளவே. அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அல்ல என்று எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார் பவுல் (கலா. 2:14). விசுவாசத்தால் நீதிமான் என்பதை வாயால் சொல்லிவிட்டுக் காலால் மறுத்ததுதான் குற்றம். யாரோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டோம் என்பதிலும் உபதேசப் பிழை உண்டு. விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டவர்களிடமும் அது இருக்கும்.

இடையில் ஒரு படி இருக்கிறது. ஞானஸ்நானம் யாருக்கு, சபையை நடத்துவது எப்படி போன்றவை இரட்சிப்பைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் ஒரே கூரையின்கீழ் இரண்டு விதமாகச் செய்யவும் முடியாது. அங்கே தனித்தனிச் சபையாக இருந்துகொண்டு சகோதரர் என்று அழைப்பதில் தப்பில்லை. "முக்கியமானவற்றில் ஒற்றுமை, மற்றவற்றில் சுதந்தரம், எல்லாவற்றிலும் அன்பு" என்ற வாசகத்தைச் சபைப் பிதாவான அகுஸ்தீனுவின் பெயரில் போட்டுவிடாதீர்கள். அது 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது; ஜெர்மனியில் மெல்தேனியு என்ற புனைபெயரில் எழுதிய லூத்தரன் இறையியலாளர் வழியாகப் பரவியது.

திருத்தும் விதமும் உபதேசத்தின் பகுதியே. அப்பொல்லோ தெரிந்தவரை சரியாகத்தான் போதித்தார், யோவானின் ஸ்நானத்தோடு நின்றுவிட்டது. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவரைத் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்தார்கள் (அப். 18:26). அறியாமைக்குத் தனியறை, பலரை இழுத்துக்கொண்டு போகும் பகிரங்கத் தவறுக்குப் பகிரங்கம். இரண்டையும் மாற்றிப் போட்டால் அப்பொல்லோ போன்றவர்களை இழந்துவிடுவோம்.

---

நிருபவாசகன்

மிக்க நன்றி. இரண்டு சின்னக் கேள்விகள். திரித்துவத்தை நீர், பனிக்கட்டி, நீராவி என்று விளக்கலாமா? நான்கு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

---

கூடாரத்துணி

நீர் உவமை வேண்டாம், சகோ. ஒரே நீர் ஒரு நேரத்தில் பனி, வேறு நேரத்தில் ஆவி. பிதாவே குமாரனாக வேடம் மாற்றினார் என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். 3-ம் நூற்றாண்டில் சபெல்லியு சொன்னது அதுவே. அப்படியானால் கெத்செமனேயில் யார் யாரிடம் ஜெபித்தார்? உவமைக்குப் பதிலாக மத்தேயு 3:16-17-ஐ வாசியுங்கள்: குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதா பேசுகிறார், ஒரே நேரத்தில்.

முதல் வாரம் தீத்து முழுவதும். 46 வசனம்தான், சத்தமாக வாசிக்கலாம். "ஏனெனில்" வரும் இடங்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். இரண்டாவது வாரம் கலாத்தியர் 1, 2, பக்கத்தில் பிலிப்பியர் 1. மூன்றாவது 1 கொரிந்தியர் 15. 3, 4 வசனங்கள் பவுலுக்கே ஒப்புவிக்கப்பட்ட அறிக்கை என்பதையும், 58-ம் வசனம் உங்கள் பிரயாசம் விருதாவல்ல என்று முடிவதையும் சேர்த்துக் காட்டுங்கள். நான்காவது ரோமர் 14, 1 கொரிந்தியர் 8, பிறகு மூன்றாம்ஜாமம் தந்த மூன்று வசனங்களையும் குழுவாகப் பிரித்துச் சோதிப்பது. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடமாவது விடுங்கள்.

நிசேயா விசுவாசப் பிரமாணத்தை அச்சடித்துக் கொடுப்பீர்களானால் ஒரு கவனம்: ஆராதனையில் சொல்வது 381-ல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு சேர்த்து அறியப்படும் விரிந்த வடிவம். 325-ன் மூலம் "பரிசுத்த ஆவியையும்" என்பதோடு நின்று, ஆரியுவின் வாக்கியங்களுக்கு எதிரான சாபங்களோடு முடியும். பொந்தியு பிலாத்துவின் பெயரும் அதில் இல்லை. தலைப்பில் 325 என்று போட்டுக் கீழே 381-ன் வாசகத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.